ஓரத்தில் நிற்பவனும் நடுவில் நிற்பவனும்

போன மாதம் பாளையங்கோட்டையிலிருந்து முருகேசன் போன் செய்தார். அங்கே ஒரு கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியர். எனக்குப் பல வருடம் ஜூனியர். இடுப்பில் துணிப்பட்டை தொங்கவிட்டு ஆடும் ஃபிளாக் ஃபுட்பாலுக்கு அவர் கல்லூரியில் அணி சேர்க்கிறார்களாம். ஆளை இடித்துச் சாய்க்க வேண்டியதில்லை, பட்டையை உருவினால் போதும். மற்றபடி அமெரிக்கன் ஃபுட்பால்தான்.

"அண்ணாச்சி, எங்கிட்ட நல்லா ஓடுதவன் ஒருத்தன்தான் இருக்கான். அவனைக் கார்னர்ல போடவா, சேஃப்டியில போடவா? நீங்க துபாய்ல இதே வேலையாத்தானே இருந்தீங்க?" என்றார்.

இதே வேலையாகத்தான் இருந்தேன். ஆனாலும் ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எழுத எழுத, அவர் கேட்டதைவிட அதிகமாகவே வந்துவிட்டது.

நான் பி.பி.எட். முடித்துவிட்டு துபாய் போனவன். முதலில் ஓர் இந்தியப் பள்ளியில் பி.டி. மாஸ்டர். கராமாவில் பேச்சலர் ரூம், காலையில் பள்ளி பஸ், அசெம்பிளி, ஸ்போர்ட்ஸ் டேக்கு மார்ச் பாஸ்ட். இப்படிச் சில வருடங்கள் போயின. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளி ஒன்றில் விளையாட்டு உதவியாளர் வேண்டும் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். இன்டர்வியூ எடுத்தவர் கோச் ஹட்சன். அந்தப் பள்ளியில் கணக்கு வாத்தியார், ஃபுட்பால் அணிக்கும் அவர்தான் பொறுப்பு. ஒரு முழங்கால் சரியாக மடங்காது. இளமையில் ஆடிய ஆட்டத்தின் மிச்சம் அது.

"நீங்கள் என்ன ஆடியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"கபடி. லெஃப்ட் கவர்."

அவருக்குப் புரியவில்லை. போர்டில் வரைந்து காட்டச் சொன்னார். ஏழு பேரை வரைந்தேன். பாடி வருகிறவனின் காலை முதலில் கவ்வுகிறவன் கார்னர். அவன் கவ்விய கணத்தில் பாய்ந்து வழியை அடைக்கிறவன் கவர் என்றேன். அவர் என் கையிலிருந்து மார்க்கரை வாங்கி, பக்கத்தில் தன் ஆட்டத்தின் பதினோரு பேரை வரைந்தார். ஓரத்தில் ஒரு வட்டம் போட்டு, "எங்களுக்கும் இவன் பேர் கார்னர்தான்" என்றார். எல்லோருக்கும் பின்னால் தனியாக இன்னொரு வட்டம் போட்டார். "இவன் பேர் சேஃப்டி. உங்கள் கவர் மாதிரி. ஆனால் ரொம்பத் தள்ளி நிற்பான்."

வேலை கிடைத்தது. அணியின் பின்வரிசைப் பையன்கள் என் பொறுப்பு. எல்லோரும் என்னை 'மாஸ்டர்' என்றே கூப்பிட்டார்கள், கோச்சும்கூட.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. எதிரணியில் ஒருவன் பந்தை எறிவான். ஓரங்களில் நிற்கும் வேகக்காரர்கள் முன்னால் ஓடி அதைப் பிடிக்கப் பார்ப்பார்கள். அப்படி ஓடுகிறவனை ஒட்டிக்கொண்டே ஓடி, பந்து அவன் கைக்குச் சேராமல் பார்த்துக்கொள்வது கார்னரின் வேலை. சேஃப்டிக்கு ஆள் கிடையாது, இடம்தான் உண்டு. நடுவில், கடைசியில் நிற்பான். யார் யாரைத் தப்பவிட்டாலும் போய் அடைக்க வேண்டியவன் அவன். அவனையும் தாண்டிவிட்டால் கடைசிக் கோடு வரை யாரும் இல்லை. பந்தோடு அந்தக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், புள்ளிகள் அவர்களுக்கு.

கோச்சிடம் ஒரு முறை இருந்தது. வெள்ளிக்கிழமை ஆட்டம் முடிந்தால், ஞாயிற்றுக்கிழமை (அங்கே வெள்ளியும் சனியும்தான் விடுமுறை) பள்ளி விட்டதும் கணக்கு வகுப்பறையில் ஜன்னல்களை மூடிவிட்டு வீடியோ பார்ப்போம். பக்கத்துக் கட்டட சைட்டில் கேட்டு வாங்கிய சாரத்தின் மேல் நின்று லேப் அசிஸ்டென்ட் எடுத்த படம் அது. ஒவ்வொரு துண்டையும் மூன்று தடவை போடுவார். முதல் தடவை எல்லோரும் பந்தைப் பார்க்கலாம். இரண்டாவது தடவை கார்னரை மட்டும். மூன்றாவது தடவை எழுந்துபோய், பந்து இருக்கும் பக்கத்துத் திரையைத் தன் தொப்பியால் மறைத்துவிடுவார். அப்போது திரையில் மீதி இருப்பது சேஃப்டி மட்டும்தான். பெரும்பாலும் அவன் சும்மா நிற்பான், அல்லது இரண்டு எட்டு பின்வாங்குவான். பையன்கள் கொட்டாவி விடுவார்கள். கோச் மட்டும் கண் எடுக்காமல் பார்ப்பார்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒரு பையன் தவறு செய்தால் அவனைக் கூப்பிடுவார். மடங்காத காலை நீட்டிக்கொண்டு ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துவிடுவார். பையன் நிற்பான், அவர் அவன் முகத்தைக் கீழிருந்து பார்ப்பார். "என்ன பார்த்தாய்? என்ன செய்தாய்?" கேள்வி அவ்வளவுதான். ஏன் செய்தாய் என்று கேட்கவே மாட்டார். ஏன் என்று கேட்டால் பையன்கள் கதை கட்டத் தொடங்கிவிடுவார்கள் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

2008இல் எங்களுக்கு அதுவரை அமையாத பின்வரிசை அமைந்தது. கார்னர் கரீம், லெபனான் நாட்டு இன்ஜினீயர் ஒருவரின் மகன். அவனை ஓட்டத்தில் முந்த அந்த லீக்கில் ஆள் இல்லை. அவன் காவல் காத்த ஆளுக்குப் பந்து எறிவதையே எதிரணிகள் விட்டுவிட்டன. எறிந்தால் தட்டிவிடுவான், தட்டிவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்ப்பான். கூட்டமும் அவன் பெயரைச் சொல்லிக் கத்தும்.

சேஃப்டி ஃபஹீம். கீழக்கரைப் பையன், பிறந்தது வளர்ந்தது துபாய். அவன் வாப்பா செய்யது பாய்க்கு தேராவில் துணிக்கடை. கூட்டாளிகளிடம் ஃபஹீம் பேசுவதெல்லாம் இங்கிலீஷ்தான். என்னிடம் மட்டும், யாரும் பக்கத்தில் இல்லாதபோது, தமிழ் பேசுவான். பெரிய வேகக்காரன் இல்லை. ஆனால் பந்து எங்கே போகும் என்று எறிகிறவன் தோளைப் பார்த்தே அவனுக்குத் தெரிந்துவிடும். அவனை யாரும் பெயர் சொல்லிக் கத்தி நான் கேட்டதில்லை.

சனிக்கிழமைகளில் கோச்சும் நானும் கராமாவில் தோசை சாப்பிடப் போவோம். இரண்டு பேரில் ஒருவனைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் யாரை வைத்துக்கொள்வீர்கள் என்று ஒருநாள் கேட்டார்.

"கரீமை" என்றேன். கபடியிலும் அப்படித்தான். நல்ல கார்னர் இல்லாத அணியில் கவர் யார் மேல் பாய்வான்? காலைக் கவ்வ ஆள் இருந்தால்தானே மற்றவனுக்கு வேலை? நான் கவர் ஆடியவன், என் கட்சிக்கு எதிராகவே சொல்கிறேன் என்றேன்.

கோச் ஒரு துண்டு தோசையைச் சட்னியில் தோய்த்தபடி யோசித்தார். "மோசமான கார்னரை நல்ல சேஃப்டிக்கு முன்னால் ஒளித்து வைக்கலாம், மாஸ்டர். மோசமான சேஃப்டியை எங்கே ஒளிப்பீர்கள்? அவனுக்குப் பின்னால் யாரும் இல்லையே."

"ஒளித்து வைத்தால், சேஃப்டி எந்நேரமும் அந்தப் பக்கம் ஒரு கண் வைக்க வேண்டும். அதுவும் நஷ்டம்தானே, கோச்?"

"நஷ்டம்தான்" என்று ஒத்துக்கொண்டார். அன்று அதோடு விட்டுவிட்டோம். வேறு யோசனை இல்லாமல் பேசிய பேச்சு.

அந்தக் குளிர்காலத்தில்தான் துபாயில் வேலைகள் நிற்கத் தொடங்கின. பாதி எழும்பிய கட்டடங்களில் கிரேன்கள் அசையாமல் நின்றன. வகுப்புகளில் நாற்காலிகள் காலியாகிக்கொண்டே வந்தன. திங்கட்கிழமை இருந்த பையன் வியாழக்கிழமை இருக்க மாட்டான், அவன் அப்பாவின் விசா ரத்தாகியிருக்கும். புது வருடம் பிறந்து, அபுதாபி பள்ளி அணியோடு இறுதி ஆட்டத்துக்கு நாங்கள் தயாராகிக்கொண்டிருந்த வாரத்தில் கரீம் பயிற்சிக்கு ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்தான். ஹெல்மெட்டையும் தோள்கவசத்தையும் ஸ்டோரில் என்னிடம் ஒப்படைத்தான்.

"பாபாவின் பிராஜெக்ட் கலாஸ், முடிந்துபோனது, மாஸ்டர். நாளைக்கு பெய்ரூட் போகிறோம்."

கரீமின் இடத்துக்கு எங்களிடம் இருந்தது ஜோயல் மட்டும்தான். ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸின் மகன். அந்த வருடம்தான் ஆட்டம் பழக ஆரம்பித்தவன். உடம்பில் சதையே இல்லை. அபுதாபி அணியிலோ ஓரத்தில் ஓடும் நெட்டைப் பையன் ஒருவன் இருந்தான். அவர்கள் ஆட்டத்தில் பாதி அவன்தான்.

கோச்சிடம் என் கருத்தைச் சொன்னேன். ஃபஹீமைக் கார்னருக்கு மாற்றி நெட்டையனுக்கு முன்னால் நிறுத்துவோம், நடுவில் வேறு ஆளைப் போடுவோம். அவர்களுக்கு இருப்பது ஒரே ஆயுதம், அதை மழுக்கினால் போதும்.

கோச் மறுக்கவில்லை. ஃபஹீமைக் கூப்பிட்டு அவனிடமே கேட்டார். ஃபஹீம் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். எங்கே நிறுத்தினாலும் நிற்கிறேன் என்று அவரிடம் சொன்னான். அவர் நகர்ந்ததும் என் பக்கம் வந்தான்.

"மாஸ்டர், வாப்பா மொத தடவை மேட்ச் பாக்க வர்றாங்க. கார்னர்ல நிண்டா நல்லாருக்கும். சேஃப்டியில நிண்டா வாப்பாவுக்கு நான் இருக்குறதே தெரியாது."

"அப்போ கோச்சுகிட்ட சொல்ல வேண்டியதானே?"

"அத எப்புடி சொல்றது?"

நான் போய்க் கோச்சிடம் சொன்னேன். அவர் அதை முழுதாகக் கேட்டுக்கொண்டார். ஒருநாள் எடுத்துக்கொண்டார். மறுநாள், ஃபஹீம் நடுவிலேயே நிற்பான், ஓரத்தில் ஜோயல் நிற்பான் என்றார். ஏன் என்று நானும் கேட்கவில்லை. கராமாவில் சொன்னதைத்தான் செய்கிறார் என்று தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, சாயங்கால வெயிலில் ஆட்டம். செய்யது பாய் கடையை ஆளிடம் விட்டுவிட்டு நேராக வந்திருந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. மைதான ஓரத்துக் கயிற்றுக்கு அந்தப் பக்கம், நான் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

"மாஸ்டர், பந்து இவன்கிட்ட எப்ப வரும்?"

"வராம இருந்தாத்தான் நல்லது பாய்."

"வராம இருக்கிறதுக்கா இம்புட்டு வேஷம் கட்டியிருக்கான்?" என்று மகனின் ஹெல்மெட்டையும் தோள்கவசத்தையும் பார்த்துச் சொன்னார். வேடிக்கையாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார்.

எதிர்பார்த்தபடி முதல் பந்தே ஜோயல் பக்கம் வந்தது. நெட்டையன் அவனை ஒரே உலுக்கில் தாண்டிவிட்டான். பந்து அவன் கைக்கு வரும் நேரத்தில் எங்கிருந்தோ ஃபஹீம் வந்து இடித்தான், பந்து உருண்டோடியது. கயிற்றுக்குப் பின்னாலிருந்து பாய், "அட!" என்றார். இன்னும் இரண்டு மூன்று தடவை இப்படியே நடந்தது. முதல் பாதி சமமாக முடிந்தது. ஆனால் எனக்கு ஒன்று பிடிக்கவில்லை. கார்னர் தன் ஆளின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஜோயல் ஒவ்வொரு தடவையும் பின்னால் திரும்பி, ஃபஹீம் இருக்கிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

இடைவேளையில் கோச் ஃபஹீமைக் கூப்பிட்டார். "நீ ஜோயல் பக்கம் சாய்கிறாய். சாயாதே. நடுவில் நில். அவன் தோற்கட்டும். அவன் ஓரத்தில் தோற்பதை நாம் தாங்கிக்கொள்ளலாம். நடுவில் தோற்றால் தாங்க முடியாது."

"யெஸ், கோச்" என்றான் ஃபஹீம்.

இரண்டாம் பாதியில் சொன்னபடிதான் நின்றான். ஜோயல் தனியாக மாட்டிக்கொண்டான். நெட்டையன் அவன் தலைக்கு மேலே பந்தைப் பிடித்துக் கோட்டைத் தாண்டிப் போனான். ஜோயல் புல்லில் உட்கார்ந்தவன் உடனே எழுந்திருக்கவில்லை. எதிர்ப்பக்கக் கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவனை எழுப்பிவிடப் போனது ஃபஹீம்தான். ஏதோ சொன்னான். ஜோயல் தலையை ஆட்டினான், ஆனால் முகம் வெளுத்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் எங்கள் பையன்கள் ஒரு டச்டவுன் போட்டு மறுபடி சமமாக்கினார்கள். ஆனால் அதற்குள் ஃபஹீம் மெல்ல மெல்ல நடுவிலிருந்து ஜோயல் பக்கம் நகர்ந்திருந்தான். ஒரு தடவை ஓர் எட்டு, அடுத்த தடவை இன்னும் கொஞ்சம். கோச் ஓரத்திலிருந்து கையைக் காட்டினார். நான் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அவன் திரும்பவில்லை. அவன் அங்கே நின்றதிலிருந்து ஜோயல் பின்னால் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தியிருந்தான். தன் ஆளைப் பார்த்து ஆடத் தொடங்கியிருந்தான். நெட்டையனுக்கு வந்த ஒரு பந்தைத் தானே, யார் உதவியும் இல்லாமல், தட்டியும் விட்டான். எங்கள் பக்கம் ஒரே கூச்சல்.

நாங்கள் பார்த்ததை அபுதாபி கோச்சும் பார்த்துவிட்டார். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில், எறிகிறவன் நெட்டையனைப் பார்த்துக் கையை ஓங்கினான். ஃபஹீம் அந்தப் பக்கம் பாய்ந்தான். பந்து எறிகிறவன் கையிலேயே இருந்தது. திரும்பி மறுபக்கம் எறிந்தான். அங்கே ஒருவன் நடுவை வெட்டிக்கொண்டு தனியாக ஓடிக்கொண்டிருந்தான். ஃபஹீம் கால் ஊன்றித் திரும்பி, முழு மைதானத்தையும் குறுக்கே கடந்து ஓடி, கடைசியில் பாய்ந்தான். விரல்கள் பந்தோடு ஓடியவன் குதிகாலில் பட்டன. அவன் தடுமாறி, விழாமல், கோட்டைத் தாண்டினான்.

அதுதான் ஆட்டம். தோற்றோம்.

வீடியோ தேவைப்படவில்லை. கோச் அங்கேயே போய் ஃபஹீம் முன்னால் முழங்காலை ஊன்றினார். தொப்பியைக் கழற்றினார்.

"என்ன பார்த்தாய்?"

"ஜோயல் போய்விட்டான், கோச். அங்கேதான் நின்றான், ஆனால் மனதால் போய்விட்டான்."

"என்ன செய்தாய்?"

"பக்கத்தில் போனேன்."

கோச் எழுந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். "பார்த்தது சரி. போன தூரம்தான் அதிகம்" என்றார். அதற்கு மேல் அன்றும் சரி, பிறகும் சரி, அதைப் பற்றி அவர் பேசவில்லை.

செய்யது பாய்க்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அவர் கண்டது, கடைசியில் துரத்தியவன் தன் மகன், பிடிக்காமல் விட்டவனும் தன் மகன். கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்.

"அம்புட்டு சனமும் பாக்குது, கைக்குக் கிட்ட வந்தவன வுட்டுட்டியேடா. கொஞ்சம் வெரசா ஓடியிருந்தா என்ன?"

ஃபஹீம் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி தரையைப் பார்த்தான். விளக்கம் சொல்லியிருந்தால் ஜோயல் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்காகத்தான் பேசவில்லை என்று நினைக்கிறேன்.

ஜோயலுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஓர் அப்பா மகனைத் திட்டுவதைப் புரிந்துகொள்ள மொழி எதற்கு? இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றான். "அங்கிள்" என்று ஆரம்பித்து, தேம்பலும் இங்கிலீஷுமாக வேகமாக என்னவோ சொன்னான்.

பாய் என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்லுது மாஸ்டர் இந்தப் புள்ள?"

"தப்பு அவனோடதாம் பாய். ஃபஹீம் அவனுக்காகத்தான் அந்தப் பக்கம் வந்து நின்னானாம். தன்னால முடியலன்னுதான் அவன் எடத்த விட்டு வந்தானாம்."

"நெசமா?"

"நெசந்தான். நடுவுல நிக்கவேண்டியவன் இந்தப் புள்ளைக்குத் தொணையா நகந்துட்டான். அதுலதான் அந்தப் பக்கம் தொறந்துபோச்சு."

"கோச்சு நிக்கச் சொன்னாரா அப்புடி?"

"நிக்காதேன்னுதான் சொன்னாரு."

பாய் மகனைப் பார்த்தார். பிறகு ஜோயலைப் பார்த்தார். அவன் மூக்கை ஜெர்சியில் துடைத்துக்கொண்டிருந்தான். "சொல்லுற ஆளு சொன்னா கேக்கணும்" என்றார் ஃபஹீமிடம், குரல் இறங்கிப்போயிருந்தது. சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து ஜோயலிடம் நீட்டினார். "ஈட்? ஹங்க்ரி?" என்று கேட்டார். ஜோயல் தலையாட்டினான். இரண்டு பேரையும் புழுதியும் புல்லுமாக, அப்படியே தன் காரில் ஏற்றிக்கொண்டு தேராவுக்குப் போய்விட்டார்.

சில வாரம் கழித்து பெய்ரூட்டிலிருந்து கரீம் கோச்சுக்கு மெயில் போட்டிருந்தான். ஆட்டம் எப்படிப் போனது, தன் இடத்தில் யார் நின்றது என்று கேட்டிருந்தான். சேஃப்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கரீம் இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று கோச்சிடம் சொன்னேன். "இருக்கலாம்" என்றார். ஃபஹீம் கோச் சொன்னபடி நின்றிருந்தால் ஜெயித்திருப்போமா என்பதும் எனக்குத் தெரியாது. ஜோயல் கைவிடப்பட்ட அந்தக் கொஞ்ச நேரத்தில் அவன் உடைந்துகொண்டிருந்ததை நானும் பார்த்தேன். உடைந்த கார்னரை எந்த சேஃப்டியாலும் ஒளிக்க முடியாது. கோச் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. ஆட்டம் எங்கள் இருவரையும் கேட்டுக்கொண்டு நடக்கவில்லை.

அந்த வருடம் பன்னிரண்டாவது முடித்து ஃபஹீம் காலேஜுக்குச் சென்னை போனான். ஜோயல் ஒரே கோடையில் ஒரு சாண் வளர்ந்துவிட்டான். அடுத்த சீசனில் அவன்தான் எங்கள் முதல் கார்னர், அவன் பக்கம் பந்து எறிய யோசித்தார்கள். சேஃப்டிக்கு டெக்ஸஸிலிருந்து புதிதாக வந்த ஒரு பையனைப் பழக்கிக்கொண்டிருந்தோம்.

அந்த சீசனின் முதல் வெள்ளிக்கிழமை, கயிற்றுக்கு அந்தப் பக்கம் செய்யது பாய் நின்றார். மகன் ஊரில் இல்லை, இந்த மனிதருக்கு இங்கே என்ன வேலை என்று எனக்கு ஆச்சரியம். ஜோயல் கூப்பிட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அவர் ஜோயலுக்குக் கையசைத்தார், அவ்வளவுதான். அதன்பிறகு அவர் பார்வை அந்தப் பக்கம் போகவில்லை.

ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால் கீழக்கரைத் தமிழில் பெரிய சத்தம்.

"மவனே, அங்கிட்டுச் சாயாத! நடுவுல நில்லு!"

டெக்ஸஸ் பையன் திடுக்கிட்டுத் திரும்பினான். யார், என்ன மொழி, ஒன்றும் அவனுக்குப் புரிந்திருக்காது. பாய் இரண்டு கையாலும் நடுவைக் காட்டினார். பையன் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, ஓர் எட்டு உள்ளே நகர்ந்து நின்றான்.

பந்து அப்போது மைதானத்தின் மறுகோடியில் இருந்தது. எங்கள் பக்கத்துக் கூட்டம் மொத்தமும் எழுந்து அங்கே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. பாய் மட்டும் அந்தப் பையன் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.